கடைசிச் சொருகல்

மயிலாப்பூரில் ஒரு கடை, தியாகராய நகரில் மாடியோடு இன்னொரு கடை, மந்தைவெளியில் சொந்த வீடு, வாசலில் அம்பாசடர். தங்கைகள் எல்லோரையும் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. பேங்க்காரர்கள் என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசிய காலத்தில் முதல் மிஷினை வாங்கினேன். கடைக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் வந்த வருஷத்தில்கூட ஒரு முகூர்த்தத்துக்கும் கல்யாணப் பத்திரிகை தாமதமானதில்லை. மாடவீதிகளைச் சுற்றி எந்த வீட்டில் கெட்டிமேளம் கொட்டினாலும், அந்த வீட்டுப் பூஜை அறையில் மஞ்சள் தடவி முதலில் வைத்த பத்திரிகை என் கடைப் பத்திரிகைதான். எல்லாம் ஒத்தை ஆளாகச் செய்தது. ஒருவரும் கைகொடுக்கவில்லை.

இப்படித்தான் நான் பேசுவேன். பேசிப் பேசியே பாதித் தொழிலை வளர்த்தேன். ஆனால் 'ஒத்தை ஆளாக' என்ற வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் காதில் ஒரு குரல் கேட்கும்.

"சார், தண்ணி வந்த அன்னிக்குப் பேப்பர் கட்டையெல்லாம் மேல தூக்குனது பாய். நீங்க திருப்பதி போயிருந்தீங்க."

பாய் என் கடையில் பேப்பர் வெட்டுகிறவர். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவளைக் கேட்காமல் அவள் பெயரைப் போட எனக்கு உரிமை கிடையாது. இது அவளிடம் கற்றுக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் வேலைக்கு வந்தாள். சாந்தோம் பக்கம் பல தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். ப்ளஸ் டூ முடித்திருந்தாள். மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. பத்திரிகைக்குப் படம் போட எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு பிள்ளையார் போட்டுக் காட்டச் சொன்னேன். ஸ்டூலில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, ஒரே மூச்சில் போட்டாள். தொந்தியும் தும்பிக்கையுமாக அத்தனை களையான பிள்ளையார்.

"இதுக்கு முன்னாடி போட்டிருக்கியாமா?"

"இல்ல சார். தும்பிக்கை எதிர்வீட்டுக் காலண்டர்ல பார்த்தது. காது பஸ் கண்ணாடில ஒட்டியிருந்த ஸ்டிக்கரு. தொப்பை எங்கப்பாவோடது."

"அப்போ உன்னோடது எது?"

தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "எலி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கேட்டதற்கு விவரம் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டேன். இது எப்பேர்ப்பட்ட வியாதி என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்த சில நாட்களில் வடக்கு மாடவீதியிலிருந்து ஒரு பெரியவர் தம் பெண்ணின் பத்திரிகையை வாங்க வந்தார். ஓரத்தில் புள்ளிக்கோலம் ஓடும் அட்டை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேஷா இருக்கே! யார் போட்டது?"

"எல்லாம் நம்ம கைதான் மாமா" என்றேன். கடை முதலாளி வேறு என்ன சொல்வான்?

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சார், கோலம் நான் போட்டது. ஓரம் பாய் வெட்டுனது. அரக்குக் கலரு மாமாவோட பொண்ணு சொன்னது."

பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்போ நீர் என்னங்காணும் பண்ணினீர்?"

"அட்வான்ஸ் வாங்குனாரு" என்றாள் அவள், வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே.

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கட்டிங் மிஷினில் நின்றிருந்த பாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்குவது தெரிந்தது. பெரியவர் போன பிறகு நான் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சார், நான் பொய் சொன்னேனா?"

"பொய் இல்லமா. ஆனா கடைன்னு ஒண்ணு கீதில்ல?"

"கடை உங்களோடதுதான் சார். அதை யாரு இல்லன்னாங்க?"

பணிவு என்று நினைத்துவிடாதீர்கள். பணிவு அவளிடம் மருந்துக்கும் கிடையாது. அட்டையின் மூலையை வளைத்து வெட்டலாம் என்று யோசனை சொன்னது யார் என்பதில் அவளுக்கும் பாய்க்கும் ஒரு வாரம் சண்டை நடந்தது.

"நைனா, நான்தான் முதல்ல சொன்னேன்" என்று பாய் என்னிடம் நியாயம் கேட்டார்.

"நீங்க வெட்டலாம்னு சொன்னீங்க பாய். வளைச்சு வெட்டலாம்னு சொன்னது நானு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா!"

"ரெண்டும் ஒண்ணா? அப்போ நேரா வெட்டிட்டு வாங்க, பார்ப்போம்."

மதியம் டப்பாவைத் திறந்தாலும் இதே கதை. குழம்பு ருசியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "மீனு அப்பா பார்த்து வாங்குனது, குழம்பு அம்மா வெச்சது, உப்பு நான் போட்டேன், அதான் தூக்கலா இருக்கு" என்பாள். அவளுக்கு ஒவ்வொரு பொருளும் பல கைகள் தொட்டு வந்ததாகத்தான் தெரியும். ஒரு கையை விட்டுவிட்டால் சாப்பாடு இறங்காது. எனக்கோ உலகத்தில் தெரிந்த கை ஒரே கைதான்.

ஒருநாள் விசிட்டிங் கார்டு அடிக்க வந்த வாடிக்கையாளர் மகன் ஒருவன், அவள் வரைவதைப் பார்த்துவிட்டு, வடக்கே டிசைன் படிப்புக்கென்றே ஒரு கல்லூரி இருப்பதாகச் சொன்னான். உதவித்தொகைகூட உண்டாம். பரீட்சை எழுதினாள், நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை தான் செய்தவற்றையெல்லாம் ஒரு பெரிய ஃபைலில் அடுக்கிக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். போர்ட்ஃபோலியோ என்றாள். அந்த வார்த்தை என் வாயில் நுழையவில்லை. பெரிய ஃபைல் என்றே நான் சொன்னேன்; பாயும் அப்படியே சொன்னார்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. எங்கள் தொழிலுக்கு அது தூங்கும் மாதம். மிஷினுக்கு எண்ணெய் போடுவதும் பழைய அச்சுப் பிளாக்குகளைத் துடைப்பதும்தான் வேலை. அந்த மாதம் முழுக்கக் கடை மேஜையை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். தாள், மை, பசை எல்லாம் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டிங் மிஷினையும் பாயையும் வரைந்தாள். பத்திரிகை தேர்ந்தெடுக்க வந்து சண்டை போட்டுக்கொள்ளும் சம்பந்திகளை வரைந்தாள். மனித முகம்தான் அவளுக்குச் சரியாக வராது. பாய் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மிஷினுக்கு உயிர் கீது, எனக்கு இல்லியே!" என்றார். "முகம் எனக்கு வர்ல பாய். மிஷின் வருது" என்று ஒப்புக்கொண்டாள்.

அப்படி ஒரு மதியம். மேஜையில் வெட்டி விழுந்த தாள்கள் கிடந்தன. நான் பாட்டுக்கு என் பிரதாபங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசும்போது என் கை சும்மா இருக்காது. அகப்பட்ட தாளை மடித்துக்கொண்டே இருக்கும். அவள் பென்சிலை வைத்துவிட்டாள்.

"சார், அதை இன்னொரு தடவ பண்ணுங்க."

"எதை?"

"கையில வெச்சிருக்கீங்களே, அது."

குனிந்து பார்த்தேன். ஒரு பொட்டலம். நூல் இல்லை, பசை இல்லை. நான்கு மடிப்பு, கடைசியில் கட்டைவிரலால் ஒரு சொருகல். தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டினாலும் பிரியாது. எத்தனையோ வருஷமாக என் கை அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் பார்த்ததே இல்லை.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். கடையில் வேறு ஆள் இல்லை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கவனமாகக் கேட்பவர்களிடம் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

என் அம்மா மயிலாப்பூர்க் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்த்தாள். நான் மண்டபத்துப் பின்சந்தில் நிற்பேன். எச்சில் இலைகளோடு சேர்த்துக் குப்பையில் கொட்டும் கல்யாணப் பத்திரிகைகளை, இலைச் சாறு படாததாகப் பார்த்துப் பொறுக்குவேன். சாயங்காலம் அம்மா அவித்துக் கொடுக்கும் சுண்டலைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். அந்தப் பத்திரிகைகளில்தான் சுண்டல் கட்டிக் கொடுப்பேன். நான்கு மடிப்பும் அம்மா சொல்லிக்கொடுத்தது. ஆனால் கடற்காற்றுக்கு அது பிரிந்து போகும், சுண்டல் மணலில் சிந்தும், வாங்கியவர்கள் திட்டுவார்கள். ஒருநாள் அழுதுகொண்டே விரலால் நுனியை உள்ளே தள்ளினேன். நின்றுவிட்டது. அதன் பிறகு பிரியவில்லை.

"அப்போ கடைசிச் சொருகல் மட்டும் உங்களோடது" என்றாள்.

"ஆமா."

"நான் வந்ததுலேர்ந்து நீங்க பீத்திக்காம சொன்னது இது ஒண்ணுதான் சார்."

அடுத்த நாளே அந்த மடிப்பை வைத்து ஒரு கல்யாணப் பத்திரிகை செய்துவிட்டாள். கவர் வேண்டாம், பசை வேண்டாம். தானே மூடிக்கொள்ளும் அட்டை. சொருகலை விடுவித்தால் நான்கு பக்கமும் இதழாக விரிந்து நடுவில் கோலமும் விளக்கும் தெரியும். பாய் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, "மாஷா அல்லாஹ்" என்றார். ஒரே ஒரு குறை. அவள் கைக்குக் கடைசிச் சொருகல் நிற்கவே இல்லை. காட்டிக் கொடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் வளையும் கோணத்தில் ஏதோ இருக்கிறது. ஃபைலில் வைத்த அட்டைக்கு நான்தான் சொருகிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் இங்கிலீஷில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். யார் யார் எதைச் செய்தார்கள் என்ற விவரமாம்.

"அடப் பைத்தியமே! எல்லாம் நானே செஞ்சேன்னு எழுதும்மா. உலகம் அப்படித்தான் ஓடுது."

"நீங்க எழுதுவீங்க சார். எனக்குக் கை வராது."

பொங்கல் கழிந்து அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்காணல். அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ்ஸில் போனால் ஃபைல் கசங்கும் என்று என் அம்பாசடரிலேயே அழைத்துப் போனேன். வராந்தாவில் பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு எழுந்து வந்தவன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவளைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தபோது உள்ளிருந்த அம்மாள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். காதோரம் நரை, கைத்தறிப் புடவை. மயிலாப்பூர்க்காரி, அவள் மகள் கல்யாணத்துக்கு நான்தான் பத்திரிகை.

"அட, நீங்களா? நம்மாத்துக் கல்யாணத்துக்கு நீங்கதானே அடிச்சுக் கொடுத்தேள்! வாங்கோ, உள்ள வாங்கோ."

பெருமையாக உள்ளே போனேன். தெரிந்த முகம், நம்ம வாடிக்கை. பெண்ணுக்கு இடம் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன். அவர்கள் மூன்று பேர். தாள் தாளாகப் புரட்டினார்கள். பொட்டல அட்டை வந்ததும் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் பின்பக்கத்தைப் படித்தாள். படித்துவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"படமும் அட்டையும் இவள். வெட்டினது பாய். நாலு மடிப்பு முதலாளியோட அம்மா. கடைசிச் சொருகல் முதலாளி; சின்ன வயசுல கடற்கரையில சுண்டல் வித்தப்போ, மயிலாப்பூர்க் கல்யாண மண்டபத்துப் பின்னாடி பொறுக்கின பத்திரிகையில பண்ணினதுன்னு போட்டிருக்கா. அப்படியா? எவ்வளவு அழகா இருக்கு!"

அவள் மனசாரத்தான் சொன்னாள். கண்கூடக் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏளனமாகப் பார்த்திருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். அது எனக்குப் பழக்கம். அந்தக் குடும்பங்களின் முன்வாசல் வழியாக, வெள்ளை வேட்டியும் வெற்றிலைத் தட்டுமாக, 'வாங்கோ வாங்கோ' என்று கூப்பிடக் கூப்பிட உள்ளே போகிறவன் நான். அந்தக் கணத்தில் மறுபடி பின்சந்தில் நின்றேன். கையில் சாம்பார் வாசனை அடித்தது.

"இல்லீங்க மேடம்" என்றேன். "அப்படில்லாம் ஒண்ணும் இல்லீங்க. பொண்ணு ஏதோ கற்பனையா எழுதிட்டா. முழுக்க அவளே செஞ்சது. நமக்கு அப்பா காலத்துலேர்ந்து அச்சுத் தொழில்."

வாழ்நாளில் முதல் தடவையாக, என்னுடையதை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தேன்.

பெண் என் பக்கம் திரும்பினாள். "சார்?"

நான் சன்னலைப் பார்த்தேன்.

"இல்ல மேடம். நான் எழுதுனதுதான் நிஜம். சொருகல் என்னோடது இல்ல. சார், சொல்லுங்க சார்."

"அதான் சொன்னேனேமா. நீ பண்ணதுதான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். "ஒரு தடவை மடிச்சுக் காமிங்கோளேன். தெரிஞ்சுடப் போறது."

என் விரல்கள் தானாக அசைந்தன. அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "எனக்கு இதெல்லாம் வராதுங்க."

தாளை அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். நான்கு மடிப்பும் சரியாக வந்தது. சொருகினாள். மேஜைமேல் வைத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பொட்டலம் மெல்ல வாய் திறந்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து, வெறும் தாளாகி நின்றது. மூன்று பேரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்த விவரமெல்லாம்கூட இப்படித்தானாம்மா?" என்று ரொம்ப மென்மையாகக் கேட்டார்.

பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெண். பொய் என்பதே வராத ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவள்தான். அவளைப் பொய்க்காரியாக்கி அந்த அறையில் நிற்க வைத்தேன்.

திரும்பி வரும்போது ஃபைலை மடியில் படுக்க வைத்துப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அடையாறு பாலம் ஏறும்போது கேட்டாள்.

"சார், நான் அதை எழுதுனது தப்பா?"

"தப்பு இல்ல."

"உங்களைக் கேட்டுட்டு எழுதியிருக்கணும். அது என் தப்பு. ஆனா அது நிஜம்தானே? அப்புறம் ஏன் சார்?"

முன்னால் போன பஸ்காரனைத் திட்டினேன். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. அவள் அப்பா கடைக்கு வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "சார், நீங்க கார்ல இட்டுக்கினு போயி, கூட நின்னு, எல்லாம் பண்ணீங்க. எங்களுக்குத்தான் கொடுப்பினை இல்ல" என்றார்.

"இல்லப்பா" என்றாள் அவள். "பாதி சார்."

"இன்னா?"

"சார் வெளிய போனப்புறம் ஒரு முகம் வரையச் சொன்னாங்க. எனக்கு வர்ல. அதுல பாதி போச்சு. மீதிப் பாதி சார்."

"யார்கிட்ட இன்னா பேச்சு பேசுற!" என்று கையை ஓங்கிவிட்டார். நான் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். உப்பு தூக்கல் என்று சொல்லும் அதே முகம்.

"கோவிச்சுக்காதீங்க சார். பாதிதான்."

அடித்திருந்தால் வலித்து ஆறியிருக்கும். முழுப் பழியையும் போட்டிருந்தால் முரண்டு பிடித்திருப்பேன். அளந்து கொடுத்ததால்தான் இன்றுவரை தூக்கிச் சுமக்கிறேன்.

வைகாசி முகூர்த்தங்கள் முடியும்வரை வேலை செய்தாள். பாதியில் விட்டுப் போகவில்லை. பிறகு நந்தனத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தாள் என்று பாய் சொன்னார். அந்தக் கல்லூரிக்கு மறுபடி முயன்றாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை.

அந்தப் பொட்டல அட்டைதான் தியாகராய நகர்க் கடையைத் தூக்கி நிறுத்தியது. யார் போட்டது என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், "நம்மகிட்ட ஒரு பொண்ணு இருந்துச்சு, முழுக்க அதோட மூளை" என்றே சொன்னேன். அதற்கு எனக்கு என்ன பேர் தெரியுமா? பெரிய மனசுக்காரர். வேலைக்காரிக்குப் பேர் கொடுக்கிற முதலாளி. பீற்றிப் பீற்றிப் பேர் வாங்கியவன் நான்; அந்தப் பேரெல்லாம் எனக்கு உறுத்தியதே இல்லை. இந்த ஒரு பேர்தான், கேட்கும்போதெல்லாம் காது மடல் எரிகிறது.

இப்போது எங்கள் தொழில்காரர்கள் எனக்கு ஒரு பாராட்டு விழா வைக்கிறார்கள். விழா மலரில் போடுவதற்கு என்னைப் பற்றி எழுதிக்கொண்டுவந்து படித்துக் காட்டினார்கள். நான் மேலே சொன்ன கடை, வீடு, கார் எல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில், 'புகழ்பெற்ற பொட்டல அட்டையை உருவாக்கியவர் தம்மிடம் வேலை பார்த்த ஒரு பெண் என்பதை மறைக்காமல் சொல்லும் பெருந்தன்மையாளர்' என்று ஒரு வரி. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். தன்னடக்கம் என்று சிரித்தார்கள். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

இப்படிப் போடுங்கள். படம், விளக்கு, கோலம், அதை ஒரு பத்திரிகையாக்கலாம் என்ற யோசனை: அந்தப் பெண். வெட்டு: பாய். நான்கு மடிப்பு: மண்டபத்தில் பாத்திரம் தேய்த்த என் அம்மா. கல்லூரி நேர்காணலுக்கு அந்தப் பெண் எழுதியிருந்தது அத்தனையும் நிஜம், அதையும் போடுங்கள். ஒத்தை ஆளாக என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும் எடுத்துவிடுங்கள். அம்பாசடர் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசிச் சொருகல் என்னுடையது. குப்பையில் பொறுக்கிய பத்திரிகையில், கடற்கரையில், சுண்டல் சிந்தாமல் இருக்க நான் கண்டுபிடித்தது. கூட்டியும் போட வேண்டாம், குறைத்தும் போட வேண்டாம். அதை என் பேரில் போடுங்கள்.